கைக்கடிகாரத்துக்குள் பிறை தென்படுமா?

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் ஓர் ஆவணம் அவர்கள் முன் கொண்டுவரப்பட்டது. கொடுக்கல் வாங்கலுக்குரிய தவணை அதில் ‘ஷஅபான்’ என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. எந்த ஷஅபான் என்று அவர்கள் வினவினார்கள். கடந்து போனதா, நடந்துகொண்டிருப்பதா, இனி வரவிருப்பதா? விடை சொல்ல எவராலும் இயலவில்லை. அதன் பின்னரே ஸஹாபாக்களைக் கலந்தாலோசித்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத் நிகழ்ந்த ஆண்டை முதலாம் ஆண்டாகக் கொள்ளும் ஹிஜ்ரி கணக்கு நடைமுறைக்கு வந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கி.பி. 622-ஐ அடிப்படையாகக் கொண்ட அக்கணக்கையே நாம் இன்றுவரை எழுதி வருகிறோம்.

நம்மில் பலர் அணிந்திருக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அந்த ஆவணத்தின் குறை அதிலும் இருப்பதைக் காணலாம். முகப்பில் 3 என்னும் எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு சாளரம். அதற்குள் ஓர் எண். மாதம் தெரியாது, ஆண்டும் தெரியாது. 1 முதல் 31 வரை எண்ணத் தெரிந்ததே அதன் அறிவின் எல்லை.

அந்த எண் மாறும் விதம் மிக எளிமையானது. மின்கலம் இல்லாத, சுருள்வில்லின் விசையால் ஓடும் கடிகாரத்தில் மணிமுள்ளைத் தாங்கும் சக்கரம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதனோடு இரு மடங்கு பற்கள் கொண்ட வேறொரு சக்கரத்தை இணைத்தால் அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும். இந்தச் சக்கரத்தில் விரல் போன்ற ஒரு நீட்சி இருக்கிறது. முகப்பின் அடியில், உள்விளிம்பில் 31 பற்கள் வெட்டப்பட்ட ஒரு வளையத்தில் 31 எண்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. நள்ளிரவை ஒட்டி அந்த விரல் ஒரு பல்லைத் தள்ளும். வளையம் ஓர் எண் நகரும். மெல்லிய வில் ஒன்று இரு பற்களுக்கு இடையே பதிந்து, அடுத்த நள்ளிரவு வரை வளையம் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளுக்கு ஒரு பல் என்பதே இதன் இலக்கணம். (இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தேதியைக் கையால் திருத்தக் கூடாது என்று கடிகாரம் பழுதுபார்ப்போர் எச்சரிப்பதன் காரணம் இதுதான். அந்நேரத்தில் விரல் பல்லோடு சேர்ந்திருக்கும். வலிந்து திருகினால் இரண்டில் ஒன்று முறியும்.)

எல்லா மாதமும் 31 நாட்கள் என்றே இக்கடிகாரம் நம்புவதால் ஆண்டுக்கு ஐந்து முறை நாம் அதைத் திருத்தவேண்டியுள்ளது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களின் முடிவிலும் அது தவறும். தானாகச் சாவி ஏறும் கைக்கடிகாரத்தில் சாளரத்தின் வழியே தேதி காட்டும் வடிவத்தை ரோலக்ஸ் நிறுவனம் 1945-இல் வெளியிட்டது. பின்னர் உலகெங்கும் பரவியது அந்த வடிவமே.

மாதங்களின் நீளத்தை இயந்திரத்துக்குக் கற்பிக்கும் முயற்சி அதற்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கிவிட்டது. லண்டனைச் சேர்ந்த தாமஸ் மட்ஜ் என்னும் கடிகாரக் கலைஞர் 1762-இல் செய்த சட்டைப்பைக் கடிகாரம், 28, 29, 30, 31 ஆகிய நான்கு வகை மாத முடிவுகளையும் தானே அறிந்து தேதியை மாற்றியது. நிரந்தர நாட்காட்டி என்று இதனை அழைப்பர். இத்தகைய கடிகாரங்கள் பலவற்றில் நாட்காட்டியின் இதயமாக இருப்பது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றும் ஒரு சக்கரம். நான்கு ஆண்டுகளின் 48 மாதங்களும் அதன் விளிம்பில் வரிசையாக இருக்கும். 31 நாள் மாதத்துக்குப் பள்ளம் இல்லை. 30 நாள் மாதத்துக்கு ஆழம் குறைந்த பள்ளம். லீப் ஆண்டின் பிப்ரவரிக்குச் சற்று ஆழமானது. மற்ற மூன்று பிப்ரவரிகளுக்கும் மிக ஆழமானது. ஒரு நெம்புகோலின் அலகு அந்த விளிம்பைத் தடவியபடியே இருக்கிறது. அலகு எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு நாட்களை மாத முடிவில் அது தாண்டச் செய்யும். குருடர் ஒருவர் விரலால் தடவிப் படிப்பது போல இயந்திரம் நாட்காட்டியைப் படிக்கிறது.

இதே நுட்பம் மணிக்கட்டுக்கு வந்தது 1925-இல். பெண்கள் அணியும் பதக்கக் கடிகாரத்துக்காக 1898-இல் தயாரித்து வைத்திருந்த இயந்திரத்தை பாடெக் ஃபிலிப் நிறுவனம் ஒரு கைக்கடிகாரத்தில் பொருத்தியது. 1985-இல் ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்தின் குர்ட் கிளாஸ், நான்கு இலக்கங்களில் ஆண்டையும் காட்டும் கைக்கடிகாரத்தை வடிவமைத்தார். எல்லாவற்றையும் ஒரே திருகால் நகர்த்தலாம் என்பது அதன் சிறப்பு. நிரந்தரம் என்னும் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகள் லீப் ஆண்டுகள் ஆகா என்பது 1582-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் விதி. 48 மாதச் சக்கரம் இவ்விதியை அறியாது. ஆகவே 2100, மார்ச் 1 அன்று இக்கடிகாரங்களில் பெரும்பாலானவற்றைக் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

இதுவரை கூறியது சூரியக் கணக்கின் கதை. இதை மட்டும் படிப்பவர், நாட்காட்டியைப் பற்சக்கரங்களில் அடக்கும் கலை ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்தது என்று எண்ணிவிடக்கூடும். அக்கலையின் பழைய அத்தியாயம் சந்திரனைப் பற்றியது. அது அரபு மொழியிலும் எழுதப்பட்டுள்ளது.

குவாரிஸ்மில் 973-இல் பிறந்த அபூ ரைஹான் அல்பீரூனீ (ரஹ்) அவர்களை இந்தியாவைப் பற்றி எழுதிய அறிஞர் என்றே நம்மில் பலர் அறிவோம். அஸ்துர்லாப் என்னும் வானியல் கருவியைச் செய்யும் முறைகள் பற்றி அவர்கள் எழுதிய நூலில், எட்டுப் பற்சக்கரங்கள் கொண்ட ஒரு சிறு பொறியை விவரிக்கிறார்கள். ‘ஹுக்குல் கமர்’, அதாவது சந்திரனின் பேழை, என்று அதற்குப் பெயர். வாரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் அச்சில் 7 பற்கள் கொண்ட ஒரு சிறு சக்கரம் உண்டு. அது 59 பற்கள் கொண்ட மற்றொரு சக்கரத்தைத் தள்ளுகிறது. நாளொன்றுக்கு ஒரு பல் வீதம் 59 நாட்களில் அச்சக்கரம் ஒரு சுற்றை முடிக்கும். 30 நாள் மாதம் ஒன்று, 29 நாள் மாதம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் 59. பாதிச் சந்திரன் என்றொரு பல்லை வெட்ட முடியாது. ஆகவே இரண்டு மாதங்களை ஒரே சக்கரத்தில் வைத்துவிட்டார்கள்.

இன்று கடைகளில் விற்கும், சந்திரனின் வளர்பிறை தேய்பிறை காட்டும் கைக்கடிகாரம் ஒன்றைத் திறந்து பாருங்கள். நீல வட்டு ஒன்றில் இரண்டு சந்திரன்கள் வரையப்பட்டிருக்கும். அந்த வட்டின் விளிம்பில் உள்ள பற்களை எண்ணினால் பெரும்பாலும் 59 இருக்கும். நாளொன்றுக்கு ஒரு பல். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் எண் மாறவில்லை.

இங்கு ஒரு செய்தியை மறைக்காமல் சொல்வது நேர்மை. நம் மேடைகளில் சிலர், உலகின் கருவிகள் அனைத்தையும் முஸ்லிம்களே முதலில் கண்டார்கள் என்று முழங்குவதுண்டு. 59 பல் சக்கரத்தை அல்பீரூனீ (ரஹ்) முதன்முதலில் எண்ணியெடுக்கவில்லை. அவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் முன்பு, கிரேக்க மொழி பேசிய பைஸாந்தியர்கள் செய்த சூரியக் கடிகாரம் ஒன்றின் சிதைந்த பாகங்கள் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளன. அதிலும் 59 பற்கள் கொண்ட சந்திரச் சக்கரம் இருக்கிறது. முன்னோர் விட்டுச்சென்ற அறிவைப் பெற்று, காத்து, விளக்கி எழுதிப் பின்வந்தோரிடம் சேர்த்தது முஸ்லிம் அறிஞர்களின் பணி. அது சிறிய பெருமையன்று. அதற்குமேல் நாம் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

எழுத்தில் இருந்தது உலோகத்திலும் எஞ்சியிருக்கிறது. இஸ்ஃபஹானைச் சேர்ந்த முஹம்மத் இப்னு அபீபக்ர் என்பவர் ஹிஜ்ரி 618-இல், அதாவது கி.பி. 1221-22-இல், செய்த பித்தளை அஸ்துர்லாப் ஒன்று இன்று ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மங்கோலியப் படைகள் ஈரானைச் சூறையாடிய ஆண்டுகள் அவை. அக்கருவியின் பின்புறத்தில் ஒரு வட்டச் சாளரம் உண்டு. கையால் சுழற்றும்போது அதில் சந்திரன் வளர்வதும் தேய்வதும் தெரியும். வேறொரு சாளரத்தில் அதன் வயது எண்ணாகத் தெரியும். உள்ளே பற்சக்கரங்கள். முழுமையாக எஞ்சியுள்ள பற்சக்கரப் பொறிகளுள் உலகிலேயே மிகப் பழமையானது இதுவே. முகப்பில் சாளரம் வெட்டித் தேதி காட்டும் யோசனையும் அதில் அப்படியே இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: தானாக ஓடும் விசை.

இப்போது ஹிஜ்ரி கணக்குக்கு வருவோம். இயந்திரத்துக்கு வேண்டியது விதி. விதி இருந்தால் அதைப் பள்ளமாக வெட்டலாம், பல்லாக அரியலாம்.

சந்திர மாதத்தின் சராசரி நீளம் 29 நாட்கள், 12 மணி, 44 நிமிடங்கள், ஏறத்தாழ 3 விநாடிகள். 12 மாதங்களுக்கு 354 நாட்களும் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் ஆகும். அந்த மிச்சம் 30 ஆண்டுகளில் 11 நாட்களாகச் சேரும். ஆகவே நம் வானியல் அறிஞர்கள் ஓர் அட்டவணை வகுத்தார்கள். முஹர்ரம் 30, ஸஃபர் 29, ரபீஉல் அவ்வல் 30 என்று மாறி மாறி வரும். 30 ஆண்டுகளில் 11 ஆண்டுகளுக்கு மட்டும் துல்ஹஜ் மாதத்தில் ஒரு நாள் கூட்டி 355 ஆக்கவேண்டும். 30 ஆண்டுகளின் மொத்தம் 10,631 நாட்கள். இந்தச் சராசரி ஒரு நாள் பிழைபட இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகும். சூரிய ஆண்டுக் கணக்குகளோடு ஒப்பிட்டாலும் குறை சொல்ல முடியாத நுட்பம் இது.

கைக்கடிகாரம் செய்வோருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. அறியாமைக் காலத்து அரபிகள் தங்கள் வசதிக்காக மாதங்களைப் பின்தள்ளும் ‘நஸீஉ’ என்னும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். சூரா தவ்பா அதைக் கண்டித்து நிறுத்தியது. யூதர்களின் நாட்காட்டியில் 19 ஆண்டுகளில் ஏழு முறை பதின்மூன்றாம் மாதம் ஒன்று வரும். நமக்கோ ஆண்டுக்கு 12 மாதங்கள்தாம், கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. 31 நாள் மாதமும் இல்லை, 28 நாள் மாதமும் இல்லை. ஒன்றுவிட்டு ஒன்று வரும் 30-க்கும் 29-க்கும் ஒரு சக்கரம், 11 மிகை ஆண்டுகளுக்கு 30 ஆண்டுகளில் சுற்றும் வேறொரு சக்கரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது.

இவ்வளவு தெளிவான விதி இருந்தும் ஹிஜ்ரி நிரந்தர நாட்காட்டி கைக்கடிகாரத்துக்கு வர மிகத் தாமதமானது. சுவிட்சர்லாந்தின் பார்மிஜானி ஃப்ளூரியே நிறுவனம் அதைச் செய்தது. அரபு எழுத்துகளில் மாதமும், அது 354 நாள் ஆண்டா 355 நாள் ஆண்டா என்பதும் முகப்பில் தெரியும். ஜெனீவாவின் கடிகாரக் கலைக்கான பெரும் பரிசுகளில் புதுமைக்கான பரிசை 2020-இல் அது பெற்றது. பிளாட்டினத்தால் ஆனது, நம் போன்றோர் படத்தில் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள்.

ஆயினும் அதைப் பற்றி இங்கு எழுதக் காரணம் உண்டு. அதே அட்டவணையோ அதையொத்த வேறொரு கணக்கோ இன்று நம் கைப்பேசியிலும், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் மூலையிலும் ஹிஜ்ரி தேதியாக அச்சாகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்தே “இன்று பிறை எத்தனை” என்பதற்கு விடை சொல்கிறார்கள். அந்த விடையில் எது கணக்கு, எது பிறை என்று பிரித்துச் சொல்லப் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேற்சொன்ன அட்டவணையை மீண்டும் பாருங்கள். முஹர்ரம் 30 என்று தொடங்கி மாறி மாறி எண்ணினால் எட்டாம் மாதமாகிய ஷஅபான் எப்போதும் 29. ஒன்பதாம் மாதமாகிய ரமளான் எப்போதும் 30. எந்த ஆண்டிலும் இது மாறாது. அந்த இயந்திரத்துக்குள் 29 நோன்போடு முடிந்த ரமளான் ஒன்று நிகழவே முடியாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ தம் இரு கைவிரல்களையும் விரித்துக் காட்டி, மாதம் 29 ஆகவும் இருக்கும், 30 ஆகவும் இருக்கும் என்று உம்மத்துக்கு விளக்கினார்கள். பிறை கண்டு நோன்பு பிடிக்கவும், பிறை கண்டு நோன்பை விடவும், மேகம் மறைத்தால் 30 ஆக நிறைவு செய்யவும் ஏவினார்கள். 30 ஆண்டுச் சராசரியில் துல்லியமாக இருக்கும் கணக்கு, குறிப்பிட்ட ஓர் இரவைப் பற்றிக் கேட்டால் தவறக்கூடும். சராசரி 29 நாட்கள் 12 மணி 44 நிமிடங்கள் என்றாலும், தனித்தனி மாதங்கள் அதிலிருந்து பல மணி நேரம் கூடியும் குறைந்தும் வருகின்றன. அதற்கு மேல் மேகம் இருக்கிறது, அடிவானத்துத் தூசி இருக்கிறது, ஊரின் இருப்பிடம் இருக்கிறது. இவற்றுள் எதற்கும் சக்கரத்தில் பள்ளம் வெட்ட இயலாது. தாவூதி போரா சமுதாயத்தினர் இத்தகைய அட்டவணைக் கணக்கையே தங்கள் வணக்கங்களுக்கும் பின்பற்றுகின்றனர். அவர்களுக்கு ரமளான் ஆண்டுதோறும் 30 நாட்களே. பிறை பார்க்கும் வழியில் நிற்கும் நமக்கு அந்த உறுதி கிடையாது.

சந்திரன் வரைந்த வட்டும் நமக்குப் பிறை காட்டாது. அதில் சந்திரன் முழுவதும் மறைவது அமாவாசையின் கணக்கு. கண்ணுக்குத் தென்படும் தலைப்பிறை பெரும்பாலும் அதன் மறுநாள் மாலையிலோ அதற்கும் அடுத்த மாலையிலோதான் தோன்றும். போதாக்குறைக்கு, 59 பல் வட்டு மாதத்துக்கு 44 நிமிடங்களைக் கணக்கில் விடுகிறது. இரண்டரை ஆண்டு கடந்து சில வாரங்களில் ஒரு முழு நாள் பிழை சேர்ந்துவிடும். 135 பற்கள் கொண்ட வட்டை வைத்து இதைச் சீர்செய்தவர்கள் உண்டு. அதில் ஒரு நாள் பிழை சேர 122 ஆண்டுகள் ஆகும்.

நாளின் தொடக்கம் மற்றொரு சிக்கல். நமக்கு மஃரிபோடு அடுத்த தேதி பிறக்கிறது. கடிகாரத்தின் விரலோ நள்ளிரவில் பல்லைத் தள்ளுகிறது. மஃரிபுக்கும் நள்ளிரவுக்கும் இடையே ஹிஜ்ரி தேதி காட்டும் எந்தக் கடிகாரமும் ஒரு நாள் பின்தங்கியே நிற்கும். உஸ்மானியர்கள் இதற்கு வேறொரு தீர்வு வைத்திருந்தனர். சூரியன் மறையும் கணத்தை 12 மணியாக வைத்து, மாலைதோறும் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். இஸ்தான்பூலின் பள்ளிவாசல்களை ஒட்டிய ‘முவக்கித்கானா’க்களில் நேரம் பார்ப்போர் இருந்தனர். தெருவில் போவோர் அங்கு நின்று தம் கடிகாரத்தைச் சரிசெய்து செல்வர். மார்க்விக் மார்க்கம், ஜார்ஜ் பிரையர் முதலிய லண்டன் கடிகாரக் கலைஞர்கள் அச்சந்தைக்கென்றே அரபு எண்கள் பொறித்த சட்டைப்பைக் கடிகாரங்களைச் செய்து அனுப்பினர். 1925 டிசம்பரில் துருக்கி இயற்றிய சட்டங்கள் நள்ளிரவில் தொடங்கும் 24 மணிக் கணக்கையும் ஐரோப்பிய நாட்காட்டியையும் கட்டாயமாக்கின. பாடெக் ஃபிலிப்பின் முதல் நிரந்தர நாட்காட்டி மணிக்கட்டில் ஏறியதும் அதே ஆண்டில்தான்.

அப்படியானால் கணக்கிட்ட ஹிஜ்ரி தேதி பயனற்றதா? அவ்வாறு சொல்வது நன்றிகேடு. கடிதத்தில் தேதி எழுதவும், திருமண நாளை முன்கூட்டியே குறிக்கவும், பழைய கல்வெட்டு ஒன்றின் ஹிஜ்ரி ஆண்டைக் கி.பி. ஆண்டாக மாற்றவும் அதுவே துணை. இவற்றைவிட முக்கியமான பயன் ஒன்றை நம் வியாபாரிகள் கவனிப்பதில்லை. ஜகாத் கடமையாவதற்குரிய ஆண்டு சந்திர ஆண்டு. கடையின் கணக்குப் புத்தகமோ ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் வேறுபாடு. 33 சூரிய ஆண்டுகளுக்குள் 34 சந்திர ஆண்டுகள் முடிந்துவிடுகின்றன. சூரிய ஆண்டையே பார்த்து 33 முறை ஜகாத் கொடுத்தவர், ஓர் ஆண்டுக்குரிய ஏழைகளின் உரிமையைத் தம் கையிலேயே வைத்திருக்கிறார். சூரிய ஆண்டில்தான் கணக்கு முடிக்க இயலும் என்பவர்களுக்காக இரண்டரை விழுக்காட்டை 2.577 ஆக உயர்த்திக் கணக்கிடும் முறையும் இன்று உள்ளது. ஒரு ஹிஜ்ரி தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அதே தேதியில் கணக்குப் பார்ப்பது அதைவிட எளிது. அதற்கு அட்டவணையில் ஒரு நாள் முன்பின் ஆவதால் நேரும் குழப்பம் மிகச் சிறியது. கணவனை இழந்த பெண்ணின் இத்தாவையும் சந்திர மாதங்களில்தான் எண்ண வேண்டும். அங்கே கைப்பேசித் தேதியை மட்டும் நம்பாமல் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம்.

இத்தகைய நாட்காட்டி இயந்திரங்களுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அவற்றின் பற்கள் ஒரு திசைக்கே வெட்டப்பட்டவை. தேதியை முன்னோக்கித் தள்ளலாம். பின்னோக்கி இழுப்பதை அவற்றுள் பல தாங்கா. ரமளான் 29 மாலையில் பிறை தென்பட்டுவிட்டால், ஹிஜ்ரி நாட்காட்டி கொண்ட கடிகாரத்தை வைத்திருப்பவர் ஒருமுறை அழுத்தி ஷவ்வால் 1-க்குக் கொண்டுபோய்விடலாம். ஷஅபான் 29 மாலையில் மேகம் மறைத்து, மாதம் 30 ஆக நிறைவு செய்யப்பட்டால் அவர் செய்யக்கூடியது வேறு. கடிகாரம் ரமளான் 1 என்று காட்டும். ஊரில் எவரும் ஸஹருக்கு எழுந்திருக்க மாட்டார்கள். அதைக் கழற்றி, திருகை வெளியே இழுத்து, ஓட்டத்தை நிறுத்தி மேசைமேல் வைத்துவிட்டு, பிறைக்கணக்கு தன்னை வந்து சேரும்வரை ஒரு நாள் முழுவதும் அது காத்திருக்கும்படி விட்டுவிட வேண்டும்.